சுனைநீலம்

செப்டம்பர் 3, ஞாயிறு

‘ஏழு சுனை நாடு’ நாவலின் மூன்றாம் பாகம் அடுத்த ஞாயிறு வெளியாகிறது. ஜெனோவா காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டாள். அன்றைக்கே எங்கள் புது நிறமும் வந்தாக வேண்டுமாம்.

நிறம் என்றால் ஐ ஷேடோ. இரண்டு வருடமாக நாங்கள் இருவரும் அதைக் கையால் செய்து ‘ஒரே ஒரு ஊரில்’ என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் விற்கிறோம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கதை. அரக்கன் தன் உயிரை ஒளித்துவைத்த கிளிக்கு ஒரு பச்சை. மாதுளைக்குள் இருந்த பெண்ணுக்கு ஒரு சிவப்பு. தூள் கலந்து, பிசின் ஊற்றி, சின்னத் தகரத் தட்டில் அழுத்திக் காயவைப்பது என் வேலை. பூசிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் ஊராரிடம் பேசுவதும் ஜெனோவின் வேலை. நான் கல்லூரி நூலகத்தில் இருப்பவள், முகம் காட்டப் பிடிக்காது. அவள் அழகு நிலையத்தில் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறாள். திண்டுக்கல் கல்யாண ஆல்பங்களில் பாதிக் கண்கள் அவள் வரைந்தவை.

இந்த முறை சுனைநீலம். இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கதைநாயகி தூமணி ஏழாவது சுனையின் நீரை இமைகளில் தடவிக்கொள்கிறாள். அப்போதுதான் அதுவரை யாருக்கும் தெரியாத கோட்டை அவளுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். பதினான்கு மாதமாகக் காத்திருக்கிறோம்.

“சும்மா நீலம் வேணாம்டி. தண்ணிக்குள்ள இருந்து மேல பாத்தா எப்படி இருக்கும், அப்படி வேணும்” என்றாள் ஜெனோ.

“தண்ணிக்குள்ள இருந்து மேல பாத்தா மூச்சு முட்டும்.”

“உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு.”

மாடியில் வத்தல் காய்கிறது. காக்காய் விரட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 6, புதன்

கோகுலாஷ்டமி விடுமுறை. தனியாகப் பஸ் ஏறி மலைக்குப் போய் வந்தேன். முந்நூறு படிக்கு மேல் இருக்கும். உச்சியில் பாறை இடுக்கில் ஒரு சுனை. கோடையிலும் வற்றாது என்று கீழே கடலைக்காரர் சொன்னார். நீர் கறுப்பாகத் தெரிந்தது, கையில் அள்ளினால் தெளிவாக இருந்தது. ஓரத்தில் பாசி, தலைப்பிரட்டைகள். யாரும் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். ஜெனோவிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொல்கிறேன். இது ஒன்று எனக்கே எனக்காக இருக்கட்டும்.

செப்டம்பர் 8, வெள்ளி

வேலம்பிசின் கரைத்தேன். போன வருடம் ஒருத்திக்கு இமை தடித்ததிலிருந்து ஜெனோ வைத்த சட்டம் இது: கையுறை போட வேண்டும், பாத்திரத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், கடையில் வாங்கிய, காய்ச்சி வடித்த வடிநீர் தவிர எதுவும் சேரக் கூடாது. கையுறை போட்டேன். பாத்திரம் துடைத்தேன். வடிநீர் பாட்டிலைத் திறக்கவில்லை.

சுனைநீரை வெள்ளைத் துணியில் மூன்று முறை வடிகட்டினேன். கொதிக்கவைக்கலாமா என்று அடுப்பைக்கூடப் பற்றவைத்தேன். கொதித்துவிட்டால் அது வெறும் தண்ணீர்தானே என்று தோன்றியது. அணைத்துவிட்டேன்.

மூன்று தட்டு வந்தது. நீலத்துக்கு அடியில் ஒரு வெள்ளிச் சாயல். இதுவரை செய்ததில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது. வெயிலில் வைத்திருக்கிறேன். காய்ந்ததும் ஒன்று ஜெனோவுக்கு.

செப்டம்பர் 10, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. எப்போதும்போல ஒரே பிரதி வாங்கினோம். மாறி மாறிச் சத்தமாக வாசிப்போம். ஜெனோ வீட்டு முன்னறையில் முதல் இரண்டு அத்தியாயம் முடித்தோம். தூமணியோடு வரும் பேசும் கீரிக்கு ஜெனோ மூக்கால் குரல் கொடுப்பாள். மார்கிரெட் ஆண்ட்டி டீ கொண்டுவந்தவர் கதவருகே நின்று கேட்டுவிட்டு, “மூணாங்கிளாஸ் பிள்ளைங்க தேவலை. என் வகுப்புக்கு வந்து உக்காருங்க ரெண்டு பேரும்” என்றார். ஆண்ட்டி ஜெனோவின் அம்மா, தொடக்கப் பள்ளி ஆசிரியை. அங்கிள் இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் இவர்கள் இருவர்தான்.

ஜெனோ சுனைநீலத்தைப் பூசிப் படம் போட்டாள். பிரஷ்ஷை நனைத்துப் பூசினால்தான் பளபளப்பு வருகிறது என்றாள். மாலைக்குள் இருபத்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். தசராவுக்கு மேல்தான் செய்ய முடியும் என்று பதில் போட்டாள்.

“என்னடி போட்ட இதுல? மந்திரமா?”

“கலக்குற அளவுதான்.”

தினமும் இதையே பூசிக்கொண்டு வேலைக்குப் போகப் போகிறாளாம்.

செப்டம்பர் 15, வெள்ளி

ஜெனோவுக்கு இடது கண் சிவந்திருக்கிறது. லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் டீச்சர் மாதிரி இருக்கிறாய் என்றேன். டீச்சர் மகள் என்றாள்.

செப்டம்பர் 19, செவ்வாய்

கண் திறக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டால் துடிக்கிறாள். ஆண்ட்டிக்குப் பள்ளியில் தேர்வு என்பதால் நான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கண் டாக்டர். விளக்கை வைத்துப் பார்த்தார்.

“லென்ஸ் போடுறவங்களா? லென்ஸோட குளிச்சீங்களா?”

“தலைக்குக் குளிச்சாக்கூடக் கழட்டிருவேன் சார்.”

“கிணறு, குளம், தொட்டித் தண்ணி ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?”

“இல்ல சார்.”

“மேக்கப்?”

“நாங்களே செய்றது சார். சுத்தமா இருக்கும். வடிதண்ணி தவிர எதுவும் சேக்க மாட்டோம். இவதான் செய்றா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “ஆமா சார்” என்றேன்.

அவருக்குப் பின்னால் சுவரில் கண்ணின் குறுக்குவெட்டுப் படம் மாட்டியிருந்தது. நரம்புக்கு மஞ்சள் நிறம் தீட்டியிருந்தார்கள்.

வைரஸாக இருக்கும் என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்.

பத்துச் சொட்டுகூட இருக்காது அந்த நீர். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தது. காய்ந்த பிறகு அது நீரே அல்ல.

செப்டம்பர் 21, வியாழன்

அலமாரியைச் சுத்தம் செய்தேன். பழைய தூள், கெட்டிப்பட்ட பிசின், மிச்சமிருந்த இரண்டு தட்டு, ஒரு காலி பாட்டில் எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டேன். ஜெனோவிடம் இருந்த தட்டையும் நேற்றே வாங்கி வந்திருந்தேன். கண் சரியாகும் வரை உன்னிடம் எதுவும் இருக்க வேண்டாம் என்றேன். “உனக்குத்தான்டி என்மேல அக்கறை” என்றாள்.

அலமாரி இப்போது விசாலமாக இருக்கிறது.

செப்டம்பர் 27, புதன்

ஜெனோவால் படிக்க முடியவில்லை. ஜன்னல்களில் போர்வை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நூலகம் முடிந்ததும் ஐந்தரைக்கு நேராக அங்கே போகிறேன். கதவோரம் உட்கார்ந்து, இடுக்கில் வரும் வெளிச்சத்தில் நான் மட்டும் வாசிக்கிறேன். கீரியின் குரல் எனக்கு வரவில்லை.

“அது கீரியா, உங்க காலேஜ் பிரின்ஸிபாலா?” என்றாள் இருட்டுக்குள்ளிருந்து.

செப்டம்பர் 30, சனி

வீட்டில் தண்ணீர் வந்தது, பதினொரு நாளுக்குப் பிறகு. அம்மாவோடு குடங்களை நிரப்பினேன். வடிகட்டினேன். காய்ச்சினேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார். வீக்கம் குறைக்கும் மருந்து. இரண்டு நாளாக வலி குறைந்திருக்கிறது என்றாள். இன்று முழு அத்தியாயம் கேட்டாள். இளவரசன் வரும் இடங்களில் மட்டும், “இவன் வந்தாலே எனக்குத் தூக்கம் வருது, தாண்டி வாசி” என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் பூ வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று அம்மா கேட்டாள். சும்மா என்றேன்.

அக்டோபர் 11, புதன்

வலி திரும்பிவிட்டது. தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஆண்ட்டி டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து எனக்குக் காட்டினார். கருவிழியில் வெள்ளையாக ஒரு வளையம். அளவெடுத்து வரைந்ததுபோல இருந்தது.

வாசிக்கவில்லை.

அக்டோபர் 14, சனி

மூவருமாக மதுரைக்குப் போனோம், பெரிய கண் மருத்துவமனைக்கு. ஜெனோ கறுப்புக் கண்ணாடிக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தே வந்தாள். அங்கே ஒரு டாக்டரம்மா. கருவிழியிலிருந்து சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தோம்.

“இது வைரஸ் இல்லம்மா. அமீபா. தண்ணியில, மண்ணுல இருக்கிற கிருமி. லென்ஸ் போடுறவங்க கண்ணுல தண்ணி பட்டா வரும். கிணத்துல, குளத்துல குளிச்சியா?”

“இல்ல மேடம்.”

“வீட்டுத் தொட்டி?”

ஜெனோ யோசித்தாள். ஆண்ட்டி திடீரென்று, “எங்க மாடி டேங்க் கழுவி ஆறு மாசம் ஆச்சு மேடம்” என்றார்.

“அதாக்கூட இருக்கலாம். இது லேசுல சாகாது. தண்ணி காஞ்சாலும் தன்னைச் சுத்தி ஓடு கட்டிக்கிட்டுக் கிடக்கும். ஈரம் பட்டா முழிச்சுக்கும்.”

நான் கேட்டேன். மூவரில் நான்தான் கேட்டேன். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா?”

“மூணு வாரத்துக்கு முன்னாடி வந்திருந்தா முழுசாக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப ஆழமா இறங்கிருச்சு. நடுவுல போட்ட அந்த மருந்து வேற அதுக்குத் தீனி போட்ட மாதிரி ஆயிருச்சு. பாப்போம்.”

மணிக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட வேண்டும். மாதக்கணக்கில்.

திரும்பும் பஸ்ஸில் ஆண்ட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். கதைகளில் பொய் சொன்னவள் அந்த இடத்திலேயே கல்லாகிவிடுவாள். நான் வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஆண்ட்டி மாடித் தொட்டியைக் கழுவினார். ஆள் வைத்துச் செய்யலாம் என்றேன். கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளிருந்து தேய்க்கும் சத்தமும் இடையிடையே அவர் பேசுவதும் வந்தன. என்னிடம் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். மாதாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

அடியில் வண்டல் ஒரு விரல் அளவுக்கு இருந்தது. எல்லார் வீட்டுத் தொட்டியிலும் இருக்கும் வண்டல்தான். அதைக் கையில் அள்ளி வெளியே காட்டினார். “பாத்தியா தாமரை. இதுலதான் என் பிள்ளையைக் குளிக்க விட்டிருக்கேன்.”

ஏணியை நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. அம்மா என் தூள் டப்பாக்களுக்கும் அளவுக் கரண்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். “மறுபடி எப்பச் செய்யப் போறீங்க?” என்று கேட்டாள்.

நவம்பர் 1, புதன்

சொல்ல வேண்டும் என்று போனேன். ஜெனோ தூங்கிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். அங்கிளின் கல்லறைக்கு ஆண்ட்டியோடு போனேன். ஜெனோவால் வெளியே வர முடியாது. ஆண்ட்டி வெகு நேரம் மண்டியிட்டிருந்தார். எழுந்தபோது, “அவர் இருந்திருந்தா மாசாமாசம் டேங்க்கைக் கழுவியிருப்பார்” என்றார்.

சொல்வதற்கு அது இடமில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு ஜெனோவின் கண் வலிக்கிறது. சத்தத்துக்கு எப்படிக் கண் வலிக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் முகம் சுருங்கியது. அதிரசம் கொண்டுபோனேன். ஒன்றை முழுதாகச் சாப்பிட்டாள்.

தூமணி கோட்டைக்குள் போய்விட்டாள். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் அவளைத் தெரிந்ததுபோல் பேசுகிறார்கள், யாரும் உண்மை சொல்வதில்லை. “ஒருத்தராச்சும் நல்லவங்க இருக்கணும்ல?” என்றாள் ஜெனோ. “யாரா இருக்கும்னு நினைக்கிற?”

“தெரியலை. நானும் இப்பத்தான வாசிக்கிறேன்.”

“முன்னாடியே வீட்டுல படிச்சுட்டு வந்து நடிக்கிறியோன்னு பாத்தேன்.”

“அப்படிச் செய்வேனா?”

“நீ செய்ய மாட்ட” என்றாள்.

நவம்பர் 25, சனி

மதுரை. கிருமி குறைந்திருக்கிறது. வடு தங்கிவிட்டது. டாக்டரம்மா ஜெனோவின் வலது கண்ணை மூடி, முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். “ஏதோ ஆடுது” என்றாள். எத்தனை விரல் என்று கேட்டார். “விரலா அது?” என்றாள் ஜெனோ.

ஒரு வருடம் கிருமி இல்லாமல் இருந்தால் வேறு கருவிழி வைத்துப் பார்க்கலாம். ஆனால் இந்த மாதிரிக் கண்ணில் அது பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த எல்லாக் கதைகளிலும் கடைசியில் பார்வை திரும்புகிறது. ஒருத்தியின் கண்ணீர் பட்டு, அல்லது ஒரு பறவையின் இறகு பட்டு. இத்தனை வருடம் அதைத்தான் வாசித்திருக்கிறேன். எந்தக் கதையிலும் மணிக்கு ஒரு சொட்டு இல்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

போர்வைகளை எடுத்துவிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் ஜெனோவின் முகத்தை முழுதாக இரண்டரை மாதத்துக்குப் பிறகு பார்த்தேன். இடது கண்ணில் பால் ஊற்றியதுபோல இருக்கிறது.

ஆண்ட்டியை நாற்காலியில் உட்காரவைத்து ஐ லைனர் போட்டுப் பார்த்தாள். பிரஷ் இமைக்கு அரை அங்குலம் முன்னாலேயே நின்று காற்றில் கோடு இழுத்தது. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். கண்ணில் குத்திவிட்டது. ஆண்ட்டி சத்தம் போடவில்லை. கண்ணில் நீர் வழிய, “நல்லாத்தான் இருக்கு, போடு, போடு” என்றார்.

“எங்கம்மா போடுறது? எங்க இருக்கன்னே தெரியலை.”

அழகு நிலையத்தில் வேறு பெண்ணை வைத்துவிட்டார்கள். தை மாதத்துக்குக் குறித்திருந்த மணப்பெண்கள் ஏழு பேருக்கும் ஜெனோவே போன் செய்து அந்தப் பெண்ணின் எண்ணைக் கொடுத்தாள். ஒவ்வொருத்தியிடமும் எந்த நிறம் அவளுக்கு எடுபடும் என்று சொன்னாள்.

டிசம்பர் 25, திங்கள்

கேக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். இரண்டு பக்கம் வாசித்தேன். ஆண்ட்டி வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்றார். புது வருடத்துக்குத் தனியாகப் போகிறாராம்.

ஜனவரி 5, வெள்ளி

ஆண்ட்டி வந்துவிட்டார். கதவைத் திறந்தவரை யாரோ என்று நினைத்துவிட்டேன். தலையில் முடி இல்லை. மொட்டையில் சந்தனம் பூசியிருந்தது.

“என்ன ஆண்ட்டி இது?”

“நேந்துக்கிட்டேன்மா. டேங்க்கைக் கழுவாமப் போட்டது நான்தான? என் பிள்ளை கண்ணை எடுத்துக்கிட்ட, என் முடியையும் எடுத்துக்கோ, மன்னிச்சுரு தாயேன்னு குடுத்துட்டு வந்துட்டேன்.” முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். “திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போனா மூணாங்கிளாஸ் வாண்டுங்க சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும்.”

உள்ளே ஜெனோ, “சொல்லாமப் போய்ச் செஞ்சிருக்கா பாருடி. இடுப்புக்குக் கீழ இருந்துச்சு அந்த முடி” என்றாள். திட்டுகிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள். நல்ல கண்ணிலிருந்தும் மற்றதிலிருந்தும் ஒரேபோல நீர் வந்தது.

வாசிக்க முடியவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 7, ஞாயிறு

ஆண்ட்டி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“ஜெனோ, டேங்க் இல்ல.”

“என்ன டேங்க்?”

“உங்க டேங்க்குல ஒண்ணும் இல்ல. சுனைநீலத்துல நான் நிஜச் சுனைத் தண்ணியை ஊத்தினேன். மலைக்குப் போய் எடுத்துட்டு வந்தேன்.”

சிரித்தாள். “கதை விடாதடி.” பிறகு என் முகத்தைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்பினாள். இப்போது அவள் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

“கொதிக்கவச்சியா?”

“இல்ல.”

“ஏன்?”

“கொதிக்கவச்சா அது சுனைத் தண்ணியா இருக்காதுன்னு…”

“புத்தகத்துல இருக்கிற மாதிரி.”

“ஆமா.”

“அந்த முதல் டாக்டர் கேட்டாரே, தண்ணி பட்டுச்சான்னு. அப்ப உனக்கு ஞாபகம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“மதுரையில கேட்டப்ப?”

“இருந்துச்சு.”

“எங்கம்மா டேங்க்குக்குள்ள இறங்கினப்ப?”

“ஏணியைப் பிடிச்சுட்டு நின்னேன்.”

“அது தெரியும். நான் அதைக் கேக்கலை.”

“இருந்துச்சு ஜெனோ.”

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது, மறுபடி ஓடியது. நான் எழுந்தேன்.

“உக்காரு” என்றாள். “வாசி.”

“ஜெனோ…”

“முந்தாநாள் தொண்டை கட்டிருச்சுன்னு விட்டியே, அந்தப் பக்கத்துல இருந்து வாசி. வேற ஒண்ணும் பேசாத.”

வாசித்தேன். இருபத்தெட்டாவது அத்தியாயம். கீரி சாகிறது. எந்தக் குரலில் வாசித்தேன் என்று நினைவில்லை.

ஜனவரி 8, திங்கள்

போனேன். வாசித்தேன். வந்தேன்.

ஜனவரி 10, புதன்

நான் வாசிப்பதைத் தவிர அந்த அறையில் பேச்சே இல்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பதில்லை. இளவரசன் வந்தால் தாண்டச் சொல்வதில்லை. ஆண்ட்டி டீ கொண்டுவந்து வைத்து, “ரெண்டு பேருக்கும் சண்டையா? பேச்சையே காணோம்” என்றார்.

“கதை மும்முரமாப் போகுதும்மா” என்றாள் ஜெனோ.

ஆண்ட்டிக்குச் சொல்லவில்லை அவள். நான் சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் டீயை வாங்கிக் குடிக்கிறேன்.

இப்போது யோசிக்கிறேன். டாக்டர்களிடம் ஏன் சொல்லவில்லை? பயம் என்று இத்தனை நாள் நினைத்தேன். அது பயம் மட்டுமில்லை. ‘உனக்குத்தான் அக்கறை’ என்று அவள் சொன்ன ஆளாகவே இருக்க விரும்பினேன். அதற்கு அவள் கண் போதவில்லை, அவள் அம்மாவின் முடியும் வேண்டியிருந்தது.

ஜனவரி 13, சனி

இன்னும் அறுபது பக்கம். மெதுவாக வாசிக்கிறேன்.

“இழுக்காம வாசி” என்றாள். ஆறு நாளில் அவள் என்னிடம் பேசியது இதுதான்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அம்மா தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள். ஆண்ட்டி அடுக்களையில் நின்று வாங்கிக்கொண்டார். தலையில் முடி கறுப்பும் வெள்ளையுமாகக் குத்திட்டு முளைத்திருக்கிறது. அங்கேயே சொன்னேன். கையில் தூக்கின் மூடியைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். சுனை, பிசின், டாக்டர், ஏணி.

ஆண்ட்டி கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப என் டேங்க்குல ஒண்ணும் இல்லையா?”

“இல்ல ஆண்ட்டி.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

ஸ்டூலில் உட்கார்ந்தார். கை தானாகத் தலைக்குப் போய்த் தடவியது. “மூணு மாசம்” என்றார். “மூணு மாசமா நான் அவ முகத்தை நேராப் பாக்கலை தாமரை.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். பொங்கலை வேறு பாத்திரத்தில் மாற்றி, தூக்கைக் கழுவித் துடைத்து, மூடி போட்டு என்னிடம் கொடுத்தார். வெறும் தூக்கைத் திருப்பித் தந்ததில்லை அவர். எப்போதும் கொஞ்சம் சீனியாவது போட்டுத் தருவார்.

ஜனவரி 16, செவ்வாய்

போகவா வேண்டாமா என்று தெரியாமல் ஐந்தரைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஆண்ட்டி வாசலுக்கு வரவில்லை. உள்ளறையில் ஜெனோ கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விளக்கு போட்டிருந்தது. புதுக் கண்ணாடி. இடப்பக்க வில்லைக்கு மங்கல் நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். நாற்பது பக்கம் இருந்தது. தூமணி கோட்டையின் கடைசி வாசலுக்கு வந்துவிட்டாள். அதைத் திறந்தால் என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியாது. நான் முன்னால் போய்ப் படிக்கவில்லை. அதை மட்டும் செய்யவில்லை.

ஒரு பக்கம் முடித்து அடுத்ததைத் திருப்பும்போது, “போதும்” என்றாள்.

நாளைக்கா என்று கேட்டேன்.

கையை நீட்டினாள். என் பக்கமாக நீட்டிய கை, புத்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நான் நகர்த்திக் கொடுக்கப் போனேன். “இரு” என்றாள். அவளே இன்னும் கொஞ்சம் நீட்டி, விரலால் தடவி, விளிம்பைப் பிடித்தாள்.

“மிச்சத்தை நானே வாசிச்சுக்கிறேன்.”

“கண்ணு வலிக்கும் ஜெனோ.”

“வலிச்சா நிறுத்திப்பேன்.” பக்கத்தைத் தேடினாள். “நீ போ. இனி வர வேணாம்.”

புத்தகத்தை முகத்துக்கு அருகில் வைத்து, வலது கண் பக்கமாகச் சாய்த்து, விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உதடு அசையத் தொடங்கியது. சத்தம் வரவில்லை. ஒரு வரியை இரண்டு முறை படித்தாள்.

நான் எழுந்ததை அவள் பார்க்கவில்லை. நான் அவளுக்கு இடப்பக்கம் இருந்தேன்.